வண்டிப் பம்பில் நீர் ஏறாவிட்டால்

கிராம மக்களுக்குக் குடிநீர் அளிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கு மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மூன்று மாதங்களும் சோதனைக் காலமாகும். கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிடும். குழாயில் நீர் வரும் நேரம் சுருங்கிவிடும். அப்போது தெருமுனையில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு மக்கள் எதிர்பார்த்து நிற்பது, டிராக்டர் இழுத்து வரும் தொட்டி வண்டியையே. அவ்வண்டியின்மேல் ஒரு சிறு எஞ்சினும் பம்பும் பொருத்தப்பட்டிருக்கும். அவை கிணற்றிலிருந்து நீரை ஏற்றித் தொட்டியை நிரப்ப வேண்டும். பின்னர் ஊருக்குள் வந்து மேட்டுப்பாங்கான இடங்களுக்கும் நீரைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பம்பு நின்றுவிட்டால் குடங்கள் வெறுங்குடங்களாகவே வீடு திரும்பும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், வள்ளியாறு கடலை அடையும் பகுதியில் அமைந்துள்ள மணவாளக்குறிச்சியையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் அரபிக் கடல். மறுபுறம் தென்னந்தோப்புகளும் வயல்களும். அடுத்துள்ள மண்டைக்காட்டில் பகவதியம்மன் கோயில் மாசிக் கொடை நடைபெறும் நாட்களில் இங்குக் கூடும் மக்கள் திரள் பெரிது; நீர்த்தேவையும் அதற்கேற்பப் பெருகும். 2017 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, மாவட்டத்தின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்தது. அத்தகைய வேளையில் மின்கம்பியை நம்பாமல் டீசலைக்கொண்டு ஓடும் பம்பின் மதிப்பை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? விவசாயிகளுக்கும் இது புதிதன்று. 1906 இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்கள் வழியே வந்தாலும், கடைமடையில் உள்ளவர்கள் எஞ்சினை வண்டியில் ஏற்றிக் குளக்கரைக்கோ வாய்க்கால் கரைக்கோ கொண்டுசென்று, இறைத்துப் பயிரைக் காப்பதுண்டு.

இப்பம்புகளைப் பற்றி வரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: "எஞ்சின் ஓடுகிறது, வெள்ளம் ஏறவில்லை." (இப்பகுதியில் வெள்ளம் என்பது பெருக்கெடுத்த ஆறு மட்டுமன்று, குடத்து நீரும் வெள்ளந்தான்.) முறையீடு வந்ததும் ஸ்பானரை எடுத்துப் பம்பைக் கழற்றத் தொடங்குகிறார்கள். காஸ்கெட் கிழிகிறது, துருப்பிடித்த போல்ட்டு முறிகிறது, நன்றாக இருந்த இம்பெல்லருக்குப் பதிலாகப் புதியது வாங்கப்படுகிறது. பஞ்சாயத்துக் கணக்கில் செலவு ஏறுகிறது. நீர் மட்டும் ஏறுவதில்லை. காரணம் யாதெனில், குறை பம்பில் இல்லை, பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் இருக்கிறது. நீர் ஏறாத பம்புகளில் பலவற்றைக் கழற்ற வேண்டிய அவசியமே இராது. இதை உணர்வதற்குப் பம்பு வேலை செய்யும் முறையை ஒருமுறை தெளிவாக அறிந்துகொண்டால் போதும்.

பம்பு நீரை இழுப்பதில்லை

நாம் வழக்கில் "பம்பு நீரை இழுக்கிறது" என்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. பம்பினுள் சுழலும் இம்பெல்லர் தன்னுள் உள்ள நீரை வெளிப்புறம் வீசி எறிகிறது. அதனால் அதன் நடுவில் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் மேற்பரப்பை நமது தலைக்குமேல் உள்ள காற்று மண்டலம் இடைவிடாது அழுத்திக்கொண்டிருக்கிறது. அவ்வழுத்தமே நீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. காற்று தள்ளக்கூடிய உயரத்திற்கு ஓர் எல்லை உண்டு. கடல்மட்டத்தில், குறையே இல்லாத வெற்றிடம் கிடைத்தாலும் அது ஏறத்தாழ 34 அடிதான். இத்தாலி நாட்டில் கிணறு தோண்டியவர்களும் பம்பு செய்தவர்களும் இந்த எல்லையில் முட்டிக்கொண்டு திகைத்தனர். அதன் காரணத்தை ஆராய்ந்த டாரிசெல்லி 1643 இல் பாதரசக் குழாயைக்கொண்டு காற்றின் அழுத்தத்தை விளக்கினார். குழாயின் உராய்வு, வால்வின் தடை, பம்பின் தேய்மானம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால் நமது வண்டிப் பம்புகளுக்கு 20 அடியே நம்பத்தக்க எல்லை. கிணற்று நீர்மட்டத்திலிருந்து பம்பின் நடு அச்சுவரை கயிற்றில் கல்லைக் கட்டி அளந்து பாருங்கள். 25 அடி இருக்குமானால் எந்த மெக்கானிக்கை அழைத்தும் பயனில்லை. மாசியில் நன்றாக ஓடிய பம்பு சித்திரையில் "கெட்டுப்போவது" இதனால்தான். கெட்டது பம்பு அன்று, இறங்கியது நீர்மட்டம்.

இதிலிருந்து இரண்டாவது செய்தியும் புலப்படும். பம்பு காற்றை வீசி எறிய வல்லதன்று. காற்று மிக இலேசானது. ஆகவே உறிஞ்சு குழாயும் பம்பின் வயிறும் முழுவதும் நீரால் நிரம்பியிருந்தாலன்றி வேலை தொடங்காது. ஊசி நுழையும் அளவு துவாரம் குழாயில் இருந்தாலும் அதன் வழியே காற்று புகுந்து, நீரேற்றத்தைக் கெடுத்துவிடும். வெளியேற்று குழாயில் துவாரம் இருந்தால் நீர் பீறிட்டு நமக்குத் தன் இடத்தைக் காட்டிவிடும். உறிஞ்சு குழாயில் உள்ள துவாரமோ ஒரு சொட்டும் சிந்தாது. காற்றை உள்ளே வாங்கிக்கொண்டு மௌனமாக இருக்கும். திருடன் உள்ளே இருக்க, வாசலில் காவல் இருந்து என்ன பயன்?

நீரிலிருந்து மேல்நோக்கிச் சோதியுங்கள்

எனவே சோதனையைப் பம்பில் தொடங்காமல் கிணற்று நீரில் தொடங்கவேண்டும். முதலில் பார்க்கவேண்டியது குழாயின் அடிமுனையில் உள்ள புட்வால்வு. அது நீருக்குள் குறைந்தது 2 அடி அமிழ்ந்திருக்க வேண்டும். மேலாக இருந்தால் நீர்ப்பரப்பில் சுழி உண்டாகி, சுழியின் நடுவே காற்று இறங்கிவிடும். அடித்தரையில் இடித்துக்கொண்டிருந்தால் சேறும் மணலும் ஏறும்; தரைக்கும் அதற்கும் ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும். சல்லடையில் தென்னை நார், பாசி, பிளாஸ்டிக் தாள் முதலியன ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கவும். தென்னந்தோப்புக் கிணறுகளில் இது நாள்தோறும் நடப்பது.

அடுத்து, பம்பின் மேலுள்ள புனலைத் திறந்து நீர் ஊற்றுங்கள். குமிழ்கள் அடங்கும்வரை பொறுமையாக ஊற்றி, அச்சைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மீண்டும் ஊற்றவேண்டும். அவசரப்படுகிறவர்கள் ஒரு குடத்தோடு நிறுத்திவிட்டு எஞ்சினை முடுக்குகிறார்கள். நிரம்பிய பின் 5 நிமிடம் காத்திருந்து புனலில் நீர் நிற்கிறதா என்று கவனியுங்கள். நீர் அப்படியே நின்றால் புட்வால்வும் இணைப்புகளும் நலம். இறங்கிக்கொண்டே போனால், குழாயின் வெளிப்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். எங்கேனும் ஈரம் கசிந்தால் துவாரம் அங்கே. எங்கும் ஈரமின்றி நீர் மட்டும் இறங்கினால் புட்வால்வின் வாய் சரியாக மூடவில்லை. ஒரு மணற்பரலோ தேய்ந்த தோல் வாஷரோ காரணமாக இருக்கும். இச்சோதனைக்குச் செலவு ஒரு குடம் நீர் மட்டுமே.

வயலில் இறைக்கும் பம்புகளுக்கு, நீரில் சாணத்தைக் கரைத்து ஊற்றிக் கசிவை அடைக்கும் வழக்கம் நமது விவசாயிகளிடையே உண்டு. சாணத்தின் நார் வால்வின் இடுக்கில் படிந்து சற்று நேரத்திற்கு அடைத்துக்கொள்ளும். வயலுக்கு அது குற்றமில்லை. குடிநீர் வண்டியில் மட்டும் அதை ஒருபோதும் செய்யலாகாது. அக்குழாய் வழியே வரும் நீரைத்தான் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

நீர் ஏறிய பிறகு, ஓட்டத்தின் நடுவே விட்டுவிட்டு வந்தால், மெல்லிய காற்றுக் கசிவு என்று கொள்ளலாம். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எரியும் ஊதுபத்தியை ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் பிடித்துப் பார்த்தால், கசிவுள்ள இடத்தில் புகை உள்நோக்கி வளையும். எண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றை முன்னதாகவே அப்புறப்படுத்திவிட்டுச் செய்ய வேண்டும். காற்று பலமாக வீசும் கடற்கரையில் புகை நம்மை ஏமாற்றக்கூடும். அங்குக் குழைத்த களிமண்ணை இணைப்பின்மேல் பூசிப் பார்ப்பதே மேல். பூசியதும் நீர் சீராக வந்தால் குறை அகப்பட்டது.

ஓரிடத்தில் நிலையாக நிற்கும் பம்புக்கு இல்லாத துன்பம் ஒன்று வண்டிப் பம்புக்கு உண்டு. நாள்தோறும் கரடுமுரடான பாதையில் குலுங்கிச் செல்வதால் நட்டுகள் தளர்கின்றன. ரப்பர்க் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் நெகிழ்கின்றன. காலையில் வண்டி புறப்படுமுன் ஸ்பானரால் ஒருமுறை முடுக்கிவிடுவதற்கு 10 நிமிடம் ஆகாது. வண்டியை நிறுத்தும் இடமும் முக்கியம். சாய்வான தரையில் நிறுத்தினால், உறிஞ்சு குழாய் கிணற்றிலிருந்து பம்பை நோக்கி ஒரே சீராக ஏறாமல், இடையில் ஒட்டகத்தின் முதுகுபோல் மேடிட்டு இறங்கும். அம்மேட்டில் காற்று தங்கிவிடும். எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது வெளியேறாது. கிணற்றின் கைப்பிடிச் சுவரைவிடப் பம்பு தாழ்ந்திருக்கும்போது பெரும்பாலும் இது நேர்கிறது. குழாயின் உட்புற ரப்பர் உரிந்து வால்வுபோல் மூடிக்கொள்வதும் உண்டு. வெளியே பார்த்தால் குழாய் புதிதுபோல் இருக்கும். கம்பிச்சுருள் பதித்த உறிஞ்சு குழாய்க்குப் பதிலாகச் சாதாரண ஓஸை மாட்டியிருந்தால், பம்பு ஓடத் தொடங்கியதும் அது சப்பையாக ஒட்டிக்கொள்ளும்.

தொட்டியிலிருந்து வழங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. நீர் பம்பைவிட உயரத்தில் இருப்பதால் தானாகவே வந்து சேரும். புட்வால்வுக்கு வேலை இல்லை. அப்போதும் நீர் குறைந்தால் தொட்டியின் மேல்மூடியைத் திறந்து பாருங்கள். மூடியில் உள்ள காற்றுத் துவாரத்தைப் புழுதி அடைத்திருக்கும். உள்ளிருந்து நீர் வெளியேற வேண்டுமாயின் அந்த இடத்திற்குக் காற்று வந்தாக வேண்டும். வழியில்லாவிடில் நீர் வருவது குறையும், தகடு மெல்லியதாக இருந்தால் தொட்டியே உட்குழியும். மேனாடுகளில் வீட்டையே சக்கரத்தின்மேல் அமைத்து மோட்டார் வண்டியில் இழுத்துச் செல்வார்கள். அவ்வீடுகளில் 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் சிறு பம்பு தொட்டி நீரைக் குழாய்க்கு அனுப்பும். அங்கும் நீர் வராதபோது முதலில் பார்ப்பவை இவையே: தொட்டியில் நீர் உண்டா, சல்லடை அடைத்திருக்கிறதா, இணைப்பு தளர்ந்திருக்கிறதா, பாட்டரி முனை துருவேறியிருக்கிறதா. எவரும் குழாயைத் திறக்காத நள்ளிரவில் பம்பு தானாகச் சிறிது ஓடி நின்றால், எங்கோ நீர் கசிகிறது என்று அவர்கள் அறிந்துகொள்கிறார்கள். யந்திரம் சிறிதாயினும் பெரிதாயினும் நீருக்கும் காற்றுக்கும் உள்ள சட்டம் ஒன்றுதான்.

கருமணலும் உப்பும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் பெருமை உலகறிந்தது. இங்கிருந்து சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909 இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் கண்டறிந்தார். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் முதலியனவும் இம்மணலில் உள்ளன. இவற்றைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் அருமணல் ஆலை இங்கு இயங்குகிறது. நாட்டிற்குச் செல்வமாகிய இதே மணல் பம்புக்குப் பகையாகும். சிர்கானும் கார்னெட்டும் வார்ப்பிரும்பைவிடவும் வெண்கலத்தைவிடவும் கடினமானவை. அவை கலந்த நீர் இம்பெல்லரை அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்த்துவிடும். எஞ்சின் வேகம் குறையாமல், காற்றும் புகாமல், மாதந்தோறும் நீரின் அளவு மட்டும் சிறிது சிறிதாகக் குறைந்து வந்தால் அது தேய்மானத்தின் அறிகுறி. அப்போதுதான் பம்பைக் கழற்றுவதற்கு நியாயம் உண்டு.

இம்மணலிடம் ஒரு நற்குணமும் இருக்கிறது. சாதாரண மணல் நீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் எடையுள்ளது. இல்மனைட்டோ நான்கரை மடங்கிற்கும் மேல். ஆகவே அது விரைவில் அடியில் படியும். புட்வால்வைச் சற்று உயர்த்தி, முதலில் எஞ்சினை மெதுவாக ஓட்டி, வரும் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்துப் பார்த்தால், சில நிமிடங்களில் அடியில் கரும்படிவு தெரியும். படிவு காணாத அளவுக்கு வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே பம்புக்கும் கிணற்றுக்கும் நன்மை. தொட்டியின் அடியில் சேரும் மணலை வாரம் ஒருமுறை வாரிவிட வேண்டும்.

உப்புக் காற்றினால் வரும் கேடு வெளிப்படை. இரும்பு போல்ட்டுகளுக்குக் கிரீஸ் பூசுவதும், வேலை முடிந்ததும் நன்னீரால் கழுவுவதும் போதும். உப்பு நீரினால் வரும் கேடு அவ்வளவு எளிதன்று. கடலோரத்தில் பூமிக்கடியில் உள்ள நன்னீர், கனமான கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்திற்குமேல் 1 அடி இருந்தால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் தாங்கி நிற்கும் என்பது பொதுக் கணக்கு. டச்சுக்காரரான கைபன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901 இலும் இதனை எடுத்துரைத்தனர். அதிகமாக இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால் அடியிலுள்ள உவர்நீர் அதைப்போல் பன்மடங்கு மேலெழ முனையும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளில் கடல்நீரை நிரப்பிச் சென்றபின், இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறுகளைப் பம்பு வைத்துத் திரும்பத் திரும்ப வெறுமையாக்கினார்கள். அதனால் உப்பு குறையாமல், சில இடங்களில் அடியிலிருந்து மேலும் ஏறியது. ஆகவே கோடையில் நீர் கரிப்பதாகப் புகார் வந்தால், பெரிய பம்பு வாங்குவது மருந்தன்று. ஒரே கிணற்றில் தொடர்ந்து 4 மணி நேரம் இறைப்பதற்குப் பதிலாக, இரண்டு மூன்று கிணறுகளில் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறைப்பதே தக்கது.

எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்காதீர்

20 அடி எல்லையை அறிந்த சிலர், நீர்மட்டம் இறங்கியதும் எஞ்சினையும் பம்பையும் கிணற்றின் உட்படியில் இறக்கி வைத்து ஓட்டிவிடலாம் என்று கருதுகிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் உயிரைப் பறிக்கும் கணக்கு. பெட்ரோலாயினும் மண்ணெண்ணெயாயினும் டீசலாயினும் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கிணறுபோன்ற குறுகிய இடத்தில் அது தேங்கி நிற்கும். விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு, அணையவில்லையாதலால் இறங்கலாம் என்று துணிவது பெருந்தவறு. பிராணவாயு மிகக் குறைந்த இடத்தில் விளக்கு அணையும் என்பது உண்மை. நச்சுக்காற்று கலந்த இடத்தில் அது நன்றாகவே எரியும், மனிதன் மயங்கி விழுவான். விழுந்தவரைக் காப்பாற்ற ஒருவர்பின் ஒருவராக இறங்கிய உறவினர்களும் மடிந்த துயரங்கள் நம் நாட்டில் பன்முறை நிகழ்ந்துள்ளன. விபத்து நேர்ந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, எவரையும் இறங்க விடாமல், 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தாரை அழைக்கவேண்டும். ஆழமான கிணற்றுக்கு நீருக்குள் அமிழ்ந்து ஓடும் மின்பம்பே ஏற்றது. அதற்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் வண்டியின்மேல், கிணற்று வாயைவிட்டு விலகி, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்புறமாக நிற்கட்டும்.

எஞ்சின் சம்பந்தமாக ஒன்றைமட்டும் கூறுவோம். நீர் போதவில்லை என்று கப்பியை மாற்றி வேகத்தைக் கூட்டும் பழக்கம் இருக்கிறது. வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால் நீரும் ஏறத்தாழ அவ்வளவே கூடும்; ஆனால் எஞ்சின் சுமக்க வேண்டிய பாரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். டீசல் செலவும் பேரிங் சூடும் அதனுடன் வரும். அச்சு நுழையும் இடத்தில் கயிறு அடைத்த கிளாண்டு இருக்குமானால், அதில் நீர் சொட்டுவதைக் கண்டு இறுக முடுக்கிவிடாதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு வீழ்ந்தால்தான் அச்சு குளிர்ந்திருக்கும். சொட்டே இல்லாத கிளாண்டு அச்சைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். நீரின்றிப் பம்பை ஓட்டுவதும் அவ்வாறே. ரப்பர் சீல் உள்ள பம்புகளில் சில நிமிட வறண்ட ஓட்டமே சீலைக் கருக்கிவிடும். ஓட்டுபவர் டீக்கடைக்குப் போவதற்கு முன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் போகட்டும்.

வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கவேண்டும். எந்தக் கிணறு, நீர்மட்டம் எத்தனை அடி, தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் என்ற மூன்றையும் நாள்தோறும் குறித்துவந்தால் போதும். நிமிடங்கள் கூடி, அடியும் கூடியிருந்தால் குறை கிணற்றில். அடி கூடாமல் நிமிடம் மட்டும் கூடினால் குறை குழாயிலோ பம்பிலோ. பஞ்சாயத்துக் கூட்டத்தில் பழுது பார்க்கும் செலவு கேட்டு மனு வரும்போது அங்கத்தினர்கள் முதலில் இந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்க்கலாம். வண்டிப் பெட்டியில் இரண்டு தோல் வாஷர், நான்கு கிளிப்பு, கிளாண்டுக் கயிறு ஒரு முழம், ஒரு காஸ்கெட் தாள், தக்க ஸ்பானர்கள், அளவுக் கயிறு, ஒரு கட்டு ஊதுபத்தி ஆகியவை இருக்கட்டும். அவற்றோடு, மூடியுள்ள ஒரு கேனில் 20 லிட்டர் நல்ல நீரும், முதல் ஊற்றலுக்காக எப்போதும் நிரப்பியபடி.